பேருந்துச் செயலியின் விலை என்ன?

பொதுப் போக்குவரத்துக்கு ஒரு செயலி செய்ய எவ்வளவு காலம் பிடிக்கும், எவ்வளவு பணம் செல்லும் என்னும் வினாவுக்கு இன்று பலரும் விடை கூறுகின்றனர். செயலி செய்து தருவதையே தொழிலாகக் கொண்டோர் மாதக் கணக்கில் ஒரு பட்டியலும் வெள்ளிக் கணக்கில் ஒரு பட்டியலும் ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். வரைபடம் வேண்டுமாயின் இவ்வளவு, பயணக் கட்டணம் செலுத்தும் வசதி வேண்டுமாயின் மேலும் இவ்வளவு என்று, கல்யாணச் சமையற்காரர் இலைக்கு விலை பேசுவதுபோல் பேசுகின்றனர். அவர்கள் சொல்லும் தொகை கூடுதலா குறைவா என்பதன்று நம் வழக்கு. அக்கணக்கு எண்ணத் தொடங்கும் இடமே தவறு என்பதுதான் ஈண்டு நாம் எடுத்துக்காட்ட விரும்புவது. கைத்தொலைபேசித் திரையில் தோன்றுவது செயலியின் மிகச் சிறிய பகுதி. திரைக்குப் பின்னே நிற்கும் செய்தியைத் திரட்டுவதும், திரட்டியதை நாள்தோறும் பிழையின்றிக் காப்பதுமே விலையின் பெரும்பங்கு. அப்பங்கை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும். விலைப்பட்டியலில் அது காணப்படவில்லையென்றால், வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது என்பதே பொருள்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் நலம். அட்டவணைச் செயலி ஒன்று; வருகைச் செயலி மற்றொன்று; கட்டணச் செயலி மூன்றாவது. பேருந்து எப்போது வரவேண்டும் என்று முதலாவது சொல்கிறது. எப்போது வரும் என்று இரண்டாவது சொல்கிறது. காசு எவ்வளவு போயிற்று என்று மூன்றாவது சொல்கிறது. மூன்றும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றினாலும் மூன்றுக்கும் பின்னுள்ள உழைப்பு வெவ்வேறு வகையைச் சேர்ந்தது. விலை கூறுவோர் இவை அனைத்தையும் ‘வசதிகள்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்றொரு நகரம்; அங்கே பேருந்தும் ரயிலும் நடத்துவது டிரைமெட் என்னும் பொது அமைப்பு. அதன் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றிய பிபியானா மெக்ஹியூ என்னும் அம்மையார், காரில் செல்வோருக்கு வழிகாட்டும் இணையத்தளங்கள் மலிந்திருக்க, பேருந்தில் செல்வோருக்கு மட்டும் அது ஏன் கிட்டவில்லை என்று வினவினார். கூகிள் நிறுவனத்திலிருந்த கிறிஸ் ஹாரெல்சன் என்பவரும் அதே எண்ணத்தில் முயன்றுகொண்டிருந்தார். இரு முயற்சியும் ஒன்று கூடியதன் பயனாக, 2005ஆம் ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்ட் நகருக்கு மட்டுமான பயணத்திட்டச் சேவை வெளிவந்தது. அவர்கள் கையாண்ட கோப்பு வடிவமே பின்னர் நாடு நாடாகப் பரவி, இன்று ஜி.டி.எஃப்.எஸ். என்னும் பெயரால் வழங்குகிறது. அதன் சிறப்பு அதன் எளிமையே. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, தடங்களுக்கு ஒன்று, பயணங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று. யாவும் காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்து வரிகள். சிற்றூர்ப் பேருந்து அலுவலகத்து எழுத்தர் ஒருவரே அதனைத் திறந்து திருத்திவிடலாம்.

இக்கதையைக் கூறி, ‘பார்த்தீர்களா, நல்லவர் இருவர் கூடினால் வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது!’ என்று வியப்பவர் உண்டு. டிரைமெட் தன் நிறுத்தங்களையும் நேரங்களையும் அதற்கு முன்பே ஒழுங்குபட அடுக்கி வைத்திருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. விளைந்த வயலில் அறுவடைக்கு இறங்கியவரின் நாட்கூலியை மட்டும் வைத்து நெல்லுக்கு விலை கட்டுவது போன்றது இது.

அடுக்கி வைப்பது அத்தனை பெரிய காரியமா எனக் கேட்கலாம். ஒரு தடத்தில் 40 நிறுத்தங்கள் எனவும், இருபுறமும் சேர்த்து நாளொன்றுக்கு 200 பயணங்கள் எனவும் வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தடத்துக்கு மட்டும், ஒரு நாளைக்கு 8,000 நேரக் குறிப்புகள் வேண்டும். வார நாள், சனி, ஞாயிறு, பொது விடுமுறை, விடுமுறைக்கு முந்திய நாள் என்று அவை மாறும். சாலை தோண்டினால் மாறும்; நிறுத்தம் ஐம்பது அடி தள்ளி வைக்கப்பட்டால் மாறும். நாட்காட்டிக் கோப்பைப் போல் எளிமையாய்த் தோன்றுவது வேறொன்றில்லை. ஆயின் மலேசியாவில் அதனை நிரப்பிப் பார்த்தவருக்கே அதன் அருமை தெரியும். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். ஏனைய மாநிலங்களில் சனியும் ஞாயிறும். ஜொகூரோ 2014ஆம் ஆண்டில் வெள்ளி-சனிக்கு மாறி, 2025 ஜனவரி முதல் தேதியன்று மீண்டும் சனி-ஞாயிறுக்கு வந்தது. ‘வார இறுதி’ என்று ஒரே சொல்லை எழுதிவைத்த நிரலாளர் அன்று காலை என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்சிக்குழு ஒரு முடிவெடுத்தால், அதன் விலையின் ஒரு சிறு துண்டு பேருந்துச் செயலியின் கணக்கிலும் விழுகிறது.

இனி வருகைச் செயலி. பேருந்து எப்போது வரும் என்று சொல்ல, முதற்கண் பேருந்து எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் இடங்காட்டும் கருவி வேண்டும். அது அனுப்பும் செய்தி இடைவிடாது வந்துசேர வேண்டும். அவ்வண்டி இப்போது எந்தத் தடத்தில், எந்தப் பயணத்தில் ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இறுதியாகச் சொன்னது மிகவும் தொல்லை தருவது. ஓட்டுநர் தட எண்ணை மாற்ற மறந்தால், எங்கோ பணிமனைக்குத் திரும்பும் வண்டி உங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடத்தில் வருவதாகத் திரை கூறும். வராத பேருந்தைப் பேய்ப் பேருந்து என்று ஆங்கிலத்தில் அழைப்பர், நல்ல பெயர்தான்.

நியூயார்க் நகரத்தின் அனுபவம் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்நகரப் போக்குவரத்து அமைப்பு வெளி ஒப்பந்தக்காரரைக் கொண்டு பேருந்தின் இருப்பிடம் காட்ட முயன்ற முந்தைய முயற்சிகள் கைகூடவில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே விண்கோள் சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பி இடத்தைப் பிறழக் காட்டியது ஓர் இடையூறு. பின்னர், சியாட்டலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி எவரும் எடுத்தாளும்படி திறந்து விடப்பட்ட ‘ஒன்பஸ்அவே’ என்னும் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, 2011 பிப்ரவரியில் புரூக்ளினில் ‘பி63’ என்னும் ஒரே தடத்தில் புதிய சேவையைத் தொடங்கினர். நகரம் முழுவதற்கும் அது பரவியது 2014 மார்ச்சில். மென்பொருள் கையில் இருந்தும், ஒரு தடத்திலிருந்து எல்லாத் தடங்களுக்கும் செல்ல மூன்றாண்டுக்கு மேல் ஆயிற்று. திரை வரைய அன்று அந்த மூன்றாண்டு. வண்டி வண்டியாகக் கருவி பொருத்தவும் சரிபார்க்கவும் ஆனது.

அவர்கள் செய்த மற்றொரு செயலையும் நாம் பாராட்டுகிறோம். தொடக்கத்தில் அச்சேவை ‘இத்தனை நிமிடத்தில் வரும்’ என்று கூறவில்லை; ‘இத்தனை நிறுத்தம் தள்ளி இருக்கிறது’ என்றே கூறிற்று. வண்டி இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். வரும் நேரம் கணிப்பு. தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்வதற்குச் செலவு குறைவு, நம்பிக்கை மிகுதி. கணிப்பு வேண்டுமெனில் போக்குவரத்து நெரிசல், விளக்கு, மழை, பழைய பயணங்களின் பதிவு இத்தனையும் கணக்கில் வரவேண்டும். விலைப்பட்டியலில் ‘வருகை நேரம்’ என்று ஒரு வரியாக இருப்பது இத்தனையையும் உள்ளடக்கியது.

இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்று. சியாட்டல் பயணிகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட அவ்வாய்வில், வருகைச் செய்தி கையிலிருந்தோர் ஏனையோரைவிட ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைவாகவே நிறுத்தத்தில் காத்திருந்தனர். அதனினும் சுவையானது ஒன்று: செய்தி இல்லாதோர் தாம் காத்திருந்த நேரத்தை உள்ளதைவிட நீண்டதாக உணர்ந்தனர், செய்தி உள்ளோர் அவ்வாறு உணரவில்லை. பேருந்து ஒரு நொடியும் விரைந்து வரவில்லை. மனம்தான் அமைதி பெற்றது. ஆயின், பொய்யான செய்தி அவ்வமைதியை ஒரே மாலையில் கெடுத்துவிடும் என்பதையும் நாம் சேர்த்து எண்ணவேண்டும்.

நிற்க. சிங்கப்பூரில் ஒரு மாணவர் சில வாரங்களில் பேருந்து வருகைச் செயலி ஒன்றைச் செய்துவிடுகிறாரே, அதற்கு என்ன சொல்வீர் எனக் கேட்பார் உளர். அது மெய். நிலப் போக்குவரத்து ஆணையம் தன் தரவுகளை எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அவ்வெண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஒவ்வொரு சேவையிலும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் நேரம் கிடைக்கிறது. இருக்கை காலியாக உள்ளதா, நிற்க இடம் உண்டா, நிற்கவும் இடம் குறைவா என்பதும், சக்கர நாற்காலி ஏறுமா என்பதும், ஈரடுக்குப் பேருந்தா என்பதும் உடன் கிடைக்கின்றன. சுமார் 5,000 நிறுத்தங்களுக்கு இத்தனையும் பொதுப் பணத்தால் முன்னரே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அம்மாணவரின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. அவர் கட்டியது வீட்டின் முகப்பு, அடித்தளம் பொதுமக்களுடையது. அம்முகப்பின் விலையைக் காட்டி, அடித்தளமே இல்லாத ஓர் ஊருக்கு ‘செயலி இவ்வளவுதான்’ என்று சொல்வதே பிழை.

மலேசியாவிலும் அரசின் திறந்த தரவுத் தளம், ரயில் மற்றும் பேருந்து அட்டவணைகளையும் வாகனங்களின் இருப்பிடத்தையும் ஜி.டி.எஃப்.எஸ். வடிவில் வெளியிட முன்வந்தது வரவேற்கத்தக்கது. இருப்பிடம் கிடைப்பது ஒரு படி. அதிலிருந்து நிமிடத்தைக் கணிப்பது அடுத்த படி. இரண்டாம் படியையும் பொதுத்துறையே ஏறிவிட்டால், பத்துச் செயலிகள் பத்து விதமாகக் கணித்து, ஒரே பேருந்துக்குப் பத்து நேரம் கூறும் நிலை வாராது.

இலண்டன் நகரம் இவ்வகையில் துணிந்து நடந்தது. அந்நகரப் போக்குவரத்து அமைப்பு, தனக்கெனப் பெரிய செயலி ஒன்றைச் செய்வதை நெடுங்காலம் முதன்மையாகக் கொள்ளாமல், தரவுகளைத் திறந்துவிட்டது. டெலாய்ட் நிறுவனம் 2017இல் அளித்த அறிக்கைப்படி 600க்கும் மேற்பட்ட செயலிகள் அத்தரவில் இயங்கின. பயணிகளுக்கும் நகருக்கும் ஆண்டுக்கு 130 மில்லியன் பவுன் வரை பயன் கிட்டியதாகவும் அது மதிப்பிட்டது. மிச்சமான நிமிடங்களைப் பணமாக்கிக் கூட்டும் இத்தகைய மதிப்பீடுகளைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். எனினும் திசை சரியானது. அதே அமைப்பு 2020இல் தன் சொந்தச் செயலியையும் வெளியிட்டது. படியேற இயலாதோருக்கான வழி போன்றவற்றைச் சந்தை தானாகவே செய்துவிடும் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு அது சான்றாகும் என நாம் கருதுகிறோம்.

காலக் கணக்கைப் பற்றி ஒரு சொல். பிரெட் புரூக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1975ஆம் ஆண்டிலேயே ஒரு கணக்கைச் சொல்லி வைத்தார். ஒருவர் தம் மேசையில் தமக்காக எழுதி ஓட்டும் நிரலின் உழைப்பு ஒரு பங்கு எனில், அதனைச் சோதித்து, விளக்கம் எழுதி, எவரும் பயன்படுத்தும் பண்டமாக்க மும்மடங்கு ஆகும். பிற நிரல்களோடு இசைந்து இயங்கும்படி செய்ய மற்றொரு மும்மடங்கு. இரண்டும் வேண்டுமெனில் ஒன்பது மடங்கு. பேருந்துச் செயலிக்கு இரண்டும் வேண்டும். ‘மூன்று மாதத்தில் செய்து காட்டினோம்’ என்போர் பெரும்பாலும் அந்த முதற்பங்கைத்தான் காட்டுகின்றனர். தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்பதும் அவர் சொன்னதே. ஒப்பந்தத் தேதி நெருங்கும்போது ‘இன்னும் பத்துப்பேரை இறக்குங்கள்’ என்று கட்டளையிடும் அதிகாரிகள் இதனைப் படிப்பது நலம்.

செய்து முடித்தபின் வரும் செலவும் உண்டு. செயலியைக் கடையில் வைக்க ஆப்பிள் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க வெள்ளி. கூகிளுக்கு ஒரே முறை 25 வெள்ளி. இவை சிறு காசு. பெருங்காசு வேறிடத்தில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் இயங்குதளம் ஆண்டுதோறும் மாறுகிறது. நேற்று ஓடியது இன்று ஓடுவதில்லை. பிறர் வரைபடத்தை நம்பியிருப்போர் அவர் விலைக்கும் கட்டுப்பட்டவர். 2018இல் கூகிள் தன் வரைபடச் சேவையின் கட்டண முறையை மாற்றியபோது, அதுவரை காசில்லாமல் ஓடிய சிறு செயலிகள் பல, மக்களே வரைந்து பகிரும் ஓப்பன்ஸ்டிரீட்மேப் போன்றவற்றைத் தேடிப் போக நேர்ந்தது. முதலாண்டுச் செலவை மட்டும் எழுதி ஐந்தாண்டுச் செலவை எழுதாத விலைப்பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

இதுவரை கூறியது செய்வோர் கணக்கு. பயன்படுத்துவோர் கணக்கு ஒன்றும் உண்டு. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் 2024 ஜனவரியில் கண்டது. ஈசி-லிங்க் அட்டை 2002 முதல் புழக்கத்தில் இருப்பது. அதில் மீதித் தொகை அட்டையிலேயே பதிந்திருக்கும். கருவியில் தட்டியதும் கழிந்தது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று உடனே தெரியும். 2019இல் வந்த சிம்ப்ளிகோ முறையில் கணக்கு தொலைவிலுள்ள கணினியில் இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் பணம் காக்கப்படும், தொலைவிலிருந்தே பணம் நிரப்பலாம் என்பன அதன் நன்மைகள். அவை உண்மையான நன்மைகளே. ஆயின் தட்டும்போது கருவி மீதியைக் காட்டாது. செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 9ஆம் நாள், பெரியவர்களுக்கான பழைய வகை அட்டைகளை ஜூன் முதல் தேதியோடு நிறுத்திச் சிம்ப்ளிகோவுக்கு மாற்றப்போவதாக ஆணையம் அறிவித்தது. மக்கள் மனக்குறை பெருகிற்று. ஜனவரி 22இல் அம்முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை நடத்த மேலும் 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று அரசு கூறியது.

கருவியில் மீதியைக் காட்டச் சில நொடிகள் கூடுதலாகும், அதனால் வாசலில் நெரிசல் உண்டாகும் என்று அரசு தரப்பில் விளக்கம் தரப்பட்டது. காலை எட்டு மணிக்கு ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் நின்று பார்த்தவர் அவ்விளக்கத்தைப் பொருளற்றது என்று தள்ளமாட்டார். எனினும் அதன் உட்பொருளை நோக்குங்கள். வாசலில் சேமித்த நொடிகள் மறைந்துவிடவில்லை. பயணியின் கைக்கு மாற்றப்பட்டன. அவர் இறங்கி ஓரமாய் நின்று, செயலியைத் திறந்து, கணக்கைத் தேடிப் பார்க்க வேண்டும். தரவுச் சேவை குறைவாக வைத்திருப்பவருக்கும், பிள்ளையின் அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று நாள்தோறும் எண்ணிப்பார்க்கும் தாய்க்கும், வார இறுதிக்குள் அட்டையில் உள்ளது போதுமா என்று கணக்கிடும் தொழிலாளிக்கும் அது வேலை. கருவியின் சிறு சாளரத்தில் ஒளிர்ந்த அந்த இரண்டு எண்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செயலி இல்லாமலே செயலியின் வேலையைச் செய்துவந்தன. அவற்றுக்கு ஒரு விலை உண்டு என்று எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத அவ்விலை, இரண்டே வாரத்தில், 40 மில்லியன் வெள்ளி என்று வெளிப்பட்டது. தவறு கண்டதும் திருத்திக்கொண்டது நல்லாட்சிக்கு அழகு என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் குறைகூறுவது கணக்கெழுதும் முறையை மட்டுமே.

தமிழர் என்னும் முறையில் நாம் கேட்க வேண்டிய கணக்கும் ஒன்று இருக்கிறது. தமிழைச் செயலியில் சேர்ப்பதற்குச் செலவு எவ்வளவு? தொடக்கத்திலேயே சேர்த்தால் சிறிது. முடிந்தபின் சேர்த்தால் பெரிது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் பன்னிரண்டு எழுத்தாகும்; அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பிரித்துத் தைப்பதுபோல் திரை முழுவதையும் மீண்டும் அடுக்க நேரும். நிறுத்தப் பெயர்களின் நிலை வேறு. ஜி.டி.எஃப்.எஸ். வடிவிலேயே மொழிபெயர்ப்புக்கென ஒரு கோப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. பெயரை அதில் ஒருமுறை எழுதிவிட்டால், அதனைப் படிக்கும் எச்செயலியும் தமிழில் காட்டலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே பணம் செலவிடவேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆணையத்தின் தரவுத் தளத்தில் ரயில் நிலையக் குறியீடுகளைச் சீனப் பெயர்களோடு தரும் பட்டியல் ஒன்று உண்டு. அதே நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் தமிழும் எழுதப்பட்டிருக்கிறது. பெயர்கள் ஆயத்தமாய் இருக்கின்றன. பிழை நீக்கி அவற்றை வரிசைப்படுத்தி ஒரு நிரலாகத் தருவதற்கு வேண்டுவது தமிழறிந்த ஒருவரின் சில நாள் உழைப்பு. பேருந்து நிறுத்தங்களுக்கு அப்படியன்று. அங்கே 5,000 பெயர்கள். பெரும்பாலானவை சாலைப் பெயரும் கட்டடப் பெயரும். ‘ஆப்’ என்று தொடங்கினால் ‘எதிரே’ என்றும், ‘பிஃப்’ என்றால் ‘முன்னே’ என்றும், ‘அஃப்ட்’ என்றால் ‘அடுத்து’ என்றும் கொண்டு, தெருப் பெயரை ஒலிபெயர்ப்பதா மொழிபெயர்ப்பதா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எத்தனை மாதம், எத்தனை வெள்ளி என்று எந்த விலைப்பட்டியலிலும் இன்னும் ஒரு வரி எழுதப்பட்டதாக நாம் காணவில்லை.